நம்ம குடும்பம்: சனிக்கிழமை எங்கே?

அக்கா: அத்தைக்குத் திங்கட்கிழமை விமானம். லண்டனில் இனி சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். எங்கே கூட்டிப் போவது?

பெரியப்பா: டவுன் ஹவுஸ்.

அத்தை: டவுனா? கடைவீதியா?

பெரியப்பா: இல்லை அம்மா, டார்வின் வீடு. ஊரின் பெயரும் டவுன்தான். ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ‘e’ என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள், டார்வின் மட்டும் வீட்டுக்குச் சேர்க்கவில்லை. 1842இல் குடிவந்து 1882இல் சாகும்வரை நாற்பது வருடம் அங்கேயே இருந்தார். தோட்டத்துக் கோடியில் சாண்ட்வாக் என்று ஒரு நடைபாதை. ஓரமாகக் கற்களை அடுக்கிவைத்து, சுற்றுக்கு ஒன்றாகத் தட்டிவிட்டு எண்ணுவார்.

தம்பி: அந்தக் காலத்து ஸ்மார்ட் வாட்ச்

அத்தை: முழங்கால் அண்ணா

மாமா: மச்சான், இதை டைப் செய்த நேரத்தில் போய்விட்டே வந்திருக்கலாம்.

பெரியப்பா: கண்ணாடி வீட்டில் பூச்சி தின்னும் செடிகள். புல்தரையில் ஒரு வட்டக்கல் இருக்கும், அதுதான் முக்கியம். மண்புழு மண்ணைக் கிளறக் கிளறக் கல் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார்கள். அளக்கும் கருவி மகன் ஹோரேஸ் செய்தது.

அத்தை: மண்புழு பார்க்கவா விசா எடுத்து வந்தேன்?

பெரியப்பா: புழுச் சட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்தார்கள். புழுவுக்குக் காது கேட்காது. ஆனால் அதிர்வு பட்டதும் வளைக்குள் ஓடிவிட்டது.

தம்பி: அம்மா பாடும்போது நானும் அப்படித்தான்

அம்மா: வீட்டுக்குத்தானே வருவாய்

அப்பா: ரயில் அங்கே போகாது. பிராம்லியிலிருந்து 146 பஸ். டிக்கெட்?

பெரியப்பா: அந்த வீட்டைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் உறுப்பினருக்கு இலவசம்.

மாமா: உறுப்பினர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

பெரியப்பா: டார்வின் மனைவி எம்மாவோடு தினமும் ராத்திரி பேக்கேமன் என்ற பகடை ஆட்டம் ஆடுவார். கணக்கும் வைத்திருந்தார். 1876 வரை அவர் ஜெயித்தது 2795, எம்மா 2490.

மாமா: கணக்கு எழுதியவரே ஜெயித்தவர். உங்கள் ரம்மி நோட்டு மாதிரி.

பெரியப்பா: மாப்பிள்ளை, அது தொலைந்து எத்தனை வருடம் ஆகிறது, இங்கே எதற்கு?

அத்தை: தொலையவில்லை. என்னிடம்தான் இருக்கிறது.

மாமா: 😳

பெரியப்பா: எங்கே?

அக்கா: நோட்டு அப்புறம். சனிக்கிழமை பத்து மணியா, பதினொன்றா? யார் கார்?

அப்பா: என் காரில் ஐந்து பேர்தான். போன தடவை மாதிரி மடியில் உட்கார முடியாது.

தம்பி: நான் 146

பெரியப்பா: நோட்டு எங்கே என்று கேட்டேன்.

அத்தை: ஆக்ஸ்ஃபர்டு தெருக் கடைகளுக்கு இன்னும் போகவில்லையே?

அக்கா: அத்தை!!

அம்மா: அதுவும் சரிதான். சாயங்காலம் பேசலாம்.