ஜிபிஎஸ் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து டிரைவர் மேல் நடவடிக்கை எடுக்கலாமா?

ஈரோடு_விநியோகம்:
மளிகைச் சரக்கு விநியோகம், 14 டாடா ஏஸ் ஓடுகின்றன. எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. ஒரு டிரைவர் காலை 8:10-க்கு வண்டியை 40 நிமிடம் நிறுத்துவதாக ரிப்போர்ட்டில் தினமும் வருகிறது. ஒரு நாள் 112 கி.மீ. வேகம் என்றும் காட்டுகிறது. இரண்டையும் அவர் மறுக்கிறார். மேனேஜர் ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்கிறார். இந்த ரிப்போர்ட் போதுமா?

ஃப்ளீட்_டெக்:
போதாது சார். முதலில் அந்த 112. லோடு ஏற்றிய ஏஸ் அந்த வேகத்தைத் தொடவே தொடாது. மேம்பாலத்துக்கு அடியிலும் தகர ஷெட்டுக்குள்ளும் சிக்னல் குலைந்தால் வண்டி இருக்கும் புள்ளி சில நூறு மீட்டர் தாவித் திரும்பும். தாவிய தூரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும் சாஃப்ட்வேர் இப்படித்தான் உளறும். பிடிஎஃப் சுருக்கத்தை விட்டுவிட்டு வெண்டரிடம் மூல டேட்டாவை எக்செல்லில் கேளுங்கள். நேரம், இடம், வேகம், சாட்டிலைட் எண்ணிக்கை, இக்னிஷன் (சாவி ஆன்-ஆஃப்) எல்லாம் வரிவரியாக இருக்க வேண்டும். முன் வரியில் 38, பின் வரியில் 41, நடுவில் மட்டும் 112 என்றால் அந்த வரியைத் தள்ளுங்கள். 10 விநாடிக்கு ஒரு பதிவு வரும் கருவியில், தொடர்ந்து மூன்று நான்கு வரிகளாவது வரம்பைத் தாண்டினால்தான் அதை வேக மீறலாக எடுக்க வேண்டும்.

அடுத்து அந்த 8:10. கருவி அனுப்புவது யுடிசி என்ற உலகப் பொது நேரம். சாஃப்ட்வேரில் இந்திய நேரம் செட் செய்யாமல் விட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பாருங்கள்: மதியம் 1:40. அது சாப்பாட்டு நேரம்! டவர் இல்லாத இடத்தில் கருவி பதிவுகளைச் சேர்த்துவைத்துப் பிறகு மொத்தமாக அனுப்பும். சர்வருக்கு வந்த நேரத்தைக் காட்டும் ரிப்போர்ட் அங்கேயும் தப்பாகும். ஜிபிஎஸ் நேரம், சர்வர் நேரம் இரண்டும் தனித்தனி நெடுவரிசையில் இருக்க வேண்டும்.

கடைகளின் ஜியோஃபென்ஸையும், அதாவது வரைபடத்தில் ஒவ்வொரு கடையைச் சுற்றியும் போட்ட எல்லையையும் பாருங்கள். 50 மீட்டர் வட்டம் போட்டு, வண்டி தெருமுனையில் நின்று சரக்கு இறக்கினால் ‘அனுமதியில்லா நிறுத்தம்’ என்றுதான் வரும். நிறுத்த நேரத்தை டெலிவரி பில்லில் கையெழுத்தான நேரத்தோடு ஒப்பிடாமல் எதுவும் சொல்லக் கூடாது.

லேபர்_டெஸ்க்:
சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அபராதம் அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடா சட்டத்திலும் இதுதான் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதுதான். ஒரு நாள் சம்பளம் என்பது 26-ஆல் வகுத்தால் 3.8 சதவீதம், 30-ஆல் வகுத்தால் 3.3. எப்படிப் போட்டாலும் வரம்பு மீறல். எந்தச் செயலுக்கு அபராதம் என்ற பட்டியல் முன்பே அனுமதி பெற்று ஒட்டப்பட்டிருக்க வேண்டும், அவர் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், தவணையில் பிடிக்கக் கூடாது. பிடித்த பணமும் கம்பெனிக்குச் சேராது, தொழிலாளர் நலனுக்குத்தான் செலவாக வேண்டும்.

ஃப்ளீட்_டெக் சொன்ன சோதனைகளுக்குப் பிறகும் குற்றம் நிற்கிறது என்றால் மெமோ கொடுங்கள். தேதி, நேரம், இடம், எந்த விதி என்று எழுதி, மூல டேட்டாவின் நகலை இணைத்து, பதில் தர ஒரு வாரம் விடுங்கள். ‘அடிக்கடி நிறுத்துகிறீர்கள்’ என்ற மாதிரி மெமோ எதற்கும் உதவாது. ஜிபிஎஸ் வண்டியைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. அன்று ஓட்டியவர் அவர்தான் என்பதற்கு டிரிப் ஷீட் வேண்டும். வண்டியில் கருவி இருப்பதும் அது எதற்கென்பதும் அவருக்குத் தமிழில் எழுத்தாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

14 வண்டிகளின் அதே மாத டேட்டாவையும் எடுங்கள். மற்றவர்களும் அதே மாதிரி நிற்கிறார்கள், மெமோ மட்டும் இவருக்கு என்றால் அது பழிவாங்கல் என்றே பார்க்கப்படும், அப்படிப் பார்ப்பதும் நியாயம்தான்.

டேட்டாவை வெண்டர் சில மாதங்களில் அழித்துவிடலாம். இன்றே இறக்கி, திருத்தாத பிரதி ஒன்றைத் தனியாக வையுங்கள். உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகள் பொருந்தாது என்று ஹரியானா அரசு எதிர் ரத்தன் சிங் வழக்கில் 1977-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் விவகாரம் லேபர் கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாட்சிய அதிநியமம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கையில் இருப்பது நல்லது. வெண்டரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

ஈரோடு_விநியோகம்:
நன்றி. இன்னொன்று: அதே வண்டியில் ‘நிற்கிறது, இன்ஜின் ஆன்’ என்று நிறைய வருகிறது. டீசலை வீணாக்குகிறார் என்று எடுக்கலாமா?

ஃப்ளீட்_டெக்:
அவசரப்படாதீர்கள். இக்னிஷன் வயரைச் சாவியோடு மாறாத லைனில் கொடுத்திருந்தால் இன்ஜின் எப்போதும் ஆன் என்றுதான் காட்டும். சாவியை ஐந்து முறை போட்டு எடுத்து, திரையில் ஆன்-ஆஃப் மாறுகிறதா பாருங்கள். அது சரியாக இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்ற பயத்தில் டிரைவர்கள் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தாலோ, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினாலோ பேட்டரியைச் சார்ஜ் போட்டு மறுபடி சோதியுங்கள், தேறாவிட்டால் மாற்றுங்கள். மெமோ அதற்கப்புறம்.