ஆறு மா நஞ்சையை மூன்றாகப் பிரிக்க எங்கிருந்து தொடங்குவது?

நீடாமங்கலத்தான்:
வணக்கம். வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஆறு மா நஞ்சை, அதாவது இரண்டு ஏக்கர். ஒரே சர்வே நம்பர், ஒரே உட்பிரிவு. அப்பா சம்பாதித்து வாங்கியது. அவர் போய் மூன்று வருஷமாகிறது, பட்டா இன்னும் அவர் பேரில்தான். அம்மா ஊரில் அண்ணனோடு இருக்கிறார். பயிர் செய்வதும் அண்ணன்தான். நான் திருப்பூரில். தங்கையை மன்னார்குடியில் கொடுத்திருக்கிறோம், "எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். இருந்தாலும் ஆளுக்கு இரண்டு மா என்று சமமாக வெட்டிவிடலாம் என்பது என் எண்ணம். மேற்கே வாய்க்கால், கிழக்கே வடிகால். நிலம் கிழமேலாக நீளம். முதலில் சர்வேயரைக் கூப்பிடுவதா, பத்திரம் போடுவதா?

பத்திர எழுத்தர்:
தம்பி, கணக்கிலேயே ஓர் ஆள் குறைகிறது. உயில் இல்லாமல் அப்பா போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்கள் மூவரோடு சம பங்கு. ஆக நாலு பங்கு. அம்மா தன் பங்கை யாருக்கு எழுதுவார் என்பது அவர் இஷ்டம்.

வாரிசுச் சான்று வாங்குங்கள். வில்லங்கம் போட்டுப் பாருங்கள்; அப்பா காலத்துப் பயிர்க்கடன் அடைமானம் ஏதாவது நின்றால் அதை முதலில் தீர்க்க வேண்டும். அப்புறம் பாகப்பிரிவினைப் பத்திரம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், பங்குக்கு அதிகபட்சம் 10,000. வெள்ளைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டதெல்லாம் பதிவுப் பத்திரத்துக்கு ஈடாகாது. தங்கை வாயால் சொன்னதும் அப்படித்தான், வேண்டாமென்றால் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவரே விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும்.

பத்திரம் பதிந்த பிறகு உட்பிரிவோடு பட்டா மாற்றம். அப்போது சர்வேயர் வந்து அளந்து 2ஏ, 2பி என்று புது எண் கொடுப்பார்.

கடைமடை:
சார் சொன்னது காகிதம். நான் வயலைச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் இதில்தான் ஏமாந்தோம்.

எங்களுடையதும் இதே மாதிரி கிழமேலாக நீண்ட நிலம். அளக்கச் சுலபம் என்று குறுக்கே மூன்றாக வெட்டினோம். ஒரு சென்ட் கூடக் குறைய இல்லை, எல்லாருக்கும் திருப்தி. வாய்க்கால் ஓரத்துப் பங்கு சித்தப்பாவுக்கு, நடு அப்பாவுக்கு, கடைசி எங்கள் பெரியப்பாவுக்கு. அதுவரை வயலுக்கு வயல் பாய்ந்த தண்ணீர் அன்றிலிருந்து மடைக்கு மடை கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. சித்தப்பா நேரடி விதைப்பு, பெரியப்பா நடவு. ஒருவருக்குத் தண்ணீர் வேண்டாத நாளில்தான் மற்றவருக்கு வேண்டும்! ஒரு வருஷம் தாளடியில், அதாவது இரண்டாம் போகத்தில், பெரியப்பா வயல் முற்றி நிற்கிறது, முன்னால் இருக்கிற இரண்டு வயலும் பச்சை. அறுப்பு மிஷின் எப்படிப் போகும்? எட்டு நாள் காத்திருந்தார். ஏழாம் நாள் மழை. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிட்டது. அந்தக் கதிரை ஒரு கைப்பிடி பிடுங்கி வந்து எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். இன்றுவரை பேச்சு சரியாக இல்லை.

அதனால் நீளவாக்கில் வெட்டுங்கள். துண்டு ஒல்லியாக இருக்கும், வரப்பில் கொஞ்சம் நிலம் போகும், போகட்டும். ஒவ்வொரு பங்கும் மேற்கே வாய்க்காலையும் கிழக்கே வடிகாலையும் தொட வேண்டும். மிஷின் எந்த வழியாக வரும், போர்வெல் யார் பங்கில் விழுகிறது, மற்றவர்கள் எப்படிப் பாய்ச்சுவது என்பதெல்லாம் பத்திரத்தில் வரட்டும். வாய்க்கால் உரிமை, வண்டிப்பாதை உரிமை என்று தனியாக எழுதச் சொல்லுங்கள்.

பட்டாவில் ஏக்கர் இருக்காது, ஹெக்டேர், ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்) என்றுதான் இருக்கும். உங்கள் ஆறு மா கிட்டத்தட்ட 81 ஏர். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம் இணையத்திலேயே கிடைக்கும், எடுத்துப் பார்த்து மூலைக் கற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். நெல் நிற்கும்போது அளக்கக் கூப்பிடாதீர்கள், சம்பா அறுத்து வயல் காய்ந்த மாசி பங்குனிதான் தோது.

மன்னார்குடி மருமகள்:
நானும் அண்ணன்களிடம் "வேண்டாம்" என்று சொன்னவள்தான். இரண்டாவது தடவை யாராவது கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். உங்கள் தங்கையிடம் அண்ணன் இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை கேளுங்கள்.

நீடாமங்கலத்தான்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. குறுக்கே வெட்டுவதாகத்தான் நானும் அண்ணனும் பேசி வைத்திருந்தோம், வாய்க்கால் ஓரம் அவருக்கு என்று. இன்று ராத்திரி போன் போட்டு அதை மாற்றிப் பேச வேண்டும். வடமேற்கு மூலைக் கல் இருக்கிறது, மற்ற மூன்றும் எங்கே என்று அண்ணனுக்கே தெரியவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மண்வெட்டியோடு இறங்கித் தேடுகிறேன். அப்படியே மன்னார்குடிக்கும் ஒரு நடை.