சூரை தின்றால் அலர்ஜியா? குடும்ப டொக்டர்மார் திரும்பப் படிக்க வேண்டுமா?

நிலாவெளி_மகள்: போன கிழமை அம்மாவும் சித்தப்பாவும் ஒரே சட்டிச் சூரைக் குழம்பு சாப்பிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் இரண்டு பேருக்கும் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடி. டொக்டர் பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜி மருந்தை ஊசியாகப் போட்டார், குறைந்தது. அப்புறம் அம்மாவின் கொப்பியில் "மீன் அலர்ஜி, இனி மீனே வேண்டாம்" என்று எழுதிவிட்டார். அறுபது வருசம் மீன் சாப்பிட்ட மனுசி! டொக்டர்மார் வருசத்துக்கு ஒருக்கா அலர்ஜி பற்றிப் படிக்கவேண்டும் என்று கட்டாயம் வேண்டாமா?

துறைமுகத்தான்: பின்னேர டிஸ்பென்சரியில் அறுபது நம்பர் காத்திருக்கும்போது எதைப் படிப்பது? சோதனைக்குக் கொழும்பு என்றால் 260 கிலோமீற்றர். சந்தேகம் வந்தால் தவிர்க்கச் சொல்வதில் என்ன பிழை?

பழைய_தாதி: தம்பி, இதற்குச் சோதனையே தேவையில்லை. எத்தனை பேருக்கு வந்தது, மீன் ஐசில் இருந்ததா என்று கேட்டால் போதும். ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் ஒன்றாக அலர்ஜி வருமா? சூரை வெக்கையில் கிடந்தால் பக்டீரியா அதில் ஹிஸ்டமினை உண்டாக்கும்; அலர்ஜி வந்தால் உடம்பு விடுகிற அதே பொருள். கொதிக்க வைத்தாலும் அழியாது, மணமும் மாறாமல் இருக்கலாம். அது நஞ்சு. பிரிட்டன் ஹிஸ்டமினைத் தடுக்கிற மருந்து, அதற்குக் குறைந்ததும் அதனால்தான்.

துறைமுகத்தான்: சரி அக்கா, மீனில் தோற்றேன். ஆனால் கட்டாயப் படிப்பு என்றால் ஹோட்டலில் மருந்துக் கொம்பனிச் சாப்பாடு, ஒரு கையெழுத்து, ஒரு சேர்டிபிக்கட். அதில் யார் என்ன படிக்கப்போகிறார்?

பழைய_தாதி: அதுவும் நடக்கும்தான். என் பயம் வேறு. கடும் அலர்ஜியில் மூச்சு இழுத்து, பிரஷர் விழுந்து வருகிறவருக்கும் முதலில் பிரிட்டன், ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்ட் என்று தேடுகிறார்கள். முதலில் போகவேண்டியது அட்ரினலின்: பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். 2021 பிரித்தானிய வழிகாட்டலில் மற்ற இரண்டும் முதல் சிகிச்சையில் இல்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் அட்ரினலின் அம்பியூல் (ஊசி மருந்துக் குப்பி) இருந்தது, திகதி முடிந்து ஒன்றரை வருசம்.

துறைமுகத்தான்: அப்போ படிப்பை விடுங்கள், அலுமாரியைச் சோதிக்க ஆள் அனுப்புங்கள். அதற்குக் கையைத் தூக்குகிறேன்.

பழைய_தாதி: அம்பியூல் புதிதாக இருந்தும் போடப் பயந்த டொக்டரைப் பார்த்திருக்கிறேன், தம்பி. மகள், கொப்பியில் எழுதியதை டொக்டரிடம் கேட்டே மாற்றுங்கள். நீங்களாக வெட்ட வேண்டாம்.

நிலாவெளி_மகள்: இப்போதுதான் சித்தப்பாவிடம் கேட்டேன். காலை ஏழு மணிக்கு வாங்கிய மீன், பன்னிரண்டு மணி வரை மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கியிருக்கிறது.