11 ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டுக்குச் செல்ல விரும்புகிறேன்; எப்படிச் செல்வது?

கேள்வி (அம்பத்தூர், வயது 22)

அனைவருக்கும் வணக்கம். 11 வயதில் வாணியம்பாடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரைவிட்டு ஓடி வந்தவன் நான். தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பாவுக்குப் பயந்து, அவருடைய சட்டைப் பையிலிருந்து 300 ரூபாயை எடுத்துக்கொண்டு ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினேன். நான்கு மாதங்கள் நடைமேடையில் காலி பாட்டில்களைப் பொறுக்கி வாழ்ந்த பிறகு, கிறிஸ்தவத் துறவியர் நடத்தும் இல்லத்தைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் என்னை, ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துச் சென்றார். வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் அங்கே பெயரையும் ஊரையும் மாற்றிச் சொன்னேன். சொந்த ஊர் ஆந்திராவிலுள்ள குப்பம் என்றேன். என் பொய்யை நம்பி இல்லத்தார் இருமுறை குப்பம் வரை சென்று, தெருத்தெருவாக என் புகைப்படத்தைக் காட்டி விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அந்த இல்லம்தான் என்னைப் படிக்க வைத்தது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி முடித்து, இப்போது தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். 19 வயதில் என் சொந்த விருப்பத்தின்படி திருமுழுக்குப் (ஞானஸ்நானம்) பெற்றுக் கிறிஸ்தவனானேன். சில மாதங்களாக அம்மாவின் நினைவு உறங்க விடுவதில்லை. நேராகச் சென்று கதவைத் தட்டலாமா? யாரையாவது முன்னால் அனுப்ப வேண்டுமா? மதம் மாறியதை எப்போது சொல்வது? இந்தப் பாதையில் நடந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1 (அருட்சகோதரர், அதாவது கிறிஸ்தவத் துறவி; பிள்ளைகளை வீடு சேர்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர்)

தம்பி, முன்னறிவிப்பு இல்லாமல் சென்று நிற்க வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அப்பா உயிரோடு இருக்கிறாரா, அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறாரா என்பதை முதலில் வேறொருவர் போய் விசாரித்து வரட்டும். இல்லத்தில் கேட்டால் உங்களை அறிந்த ஒருவரை அனுப்புவார்கள். நீங்கள் வந்தபோது உங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது அது திருப்பத்தூர் மாவட்டம். தேடிச் செல்பவரிடம் பழைய அடையாளங்களை, பள்ளிக்கூடம், கோயில், கடை என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை தந்து, குழுவின் ஆணை பெற்ற பிறகே அனுப்ப முடியும். உங்களுக்கு அந்த ஆணை தேவையில்லை. ஆனால் அந்த விசாரணை உங்களுக்கும் தேவைதான்.

இந்தப் பணிக்கு வந்த புதிதில் எல்லாப் பையன்களிடமும் ஊதாரி மகன் உவமையைத்தான் சொல்வேன்: தந்தையின் சொத்தில் தன் பங்கை வாங்கிச் சென்று அழித்த மகன், மன்னிப்புக் கேட்டு வீடு திரும்புவதாக இயேசு சொன்ன கதை அது. ஒருநாள் 14 வயதுப் பையன் ஒருவன், “பிரதர், எங்கள் வீட்டில் சொத்தை அழித்தவர் அப்பாதான், நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?” என்றான். அதன் பிறகு அந்த உவமையை எடுத்த எடுப்பில் சொல்வதை விட்டுவிட்டேன். ஒப்புரவு, அதாவது மன்னித்து மீண்டும் உறவாகுதல், என்ற சொல்லைத் தேவாலயத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அடிபட்ட பிள்ளையிடம் அதைக் கேட்பதற்கு முன், அடித்தவரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டியது எங்கள் கடமை. சில தந்தையரைப் பார்க்க நான் ஐந்தாறு முறை சென்றிருக்கிறேன். குடி நிற்காத வீட்டுக்குச் சிறுவனை அனுப்பினால், அடுத்த மாதமே அவன் மீண்டும் நடைமேடைக்கு வந்துவிடுவான்.

ஏழைப் பிள்ளைகளுக்காகச் சலேசியத் துறவற சபையை நிறுவிய இத்தாலியக் குரு தொன் போஸ்கோவும் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர்தான். அவர் படிப்பதை அண்ணன் எதிர்த்ததால், தாய் மார்கரீத் 1828-இல் அவரை ஒரு பண்ணை வீட்டுக்கு வேலை தேடி அனுப்பிவைத்தார். அதே தாய் 1846-இல் இத்தாலியின் தூரின் நகருக்கு வந்து, மகன் சேர்த்து வைத்திருந்த தெருப்பிள்ளைகளுக்குச் சமைத்தும் துணி தைத்தும் 10 ஆண்டுகள், தாம் இறக்கும் வரை உழைத்தார். பிள்ளையைப் பிரிந்திருந்த தாய்மாரின் மனம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

முதல் முறை செல்லும்போது இரண்டு மூன்று மணி நேரம் போதும். இரவு தங்க வேண்டாம். சம்பளத்தொகையை உடனே சொல்லாதீர்கள். அந்த 300 ரூபாயை அப்பாவின் கையில் கொடுக்க மனம் விரும்பினால் கொடுங்கள், ஆனால் கணக்குத் தீர்ப்பதுபோல் கொடுக்காதீர்கள். திருமுழுக்கை மறைக்க வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் அந்த வாசலில் நீங்கள் முதலில் அவர்களுடைய மகன்.

பதில் 2 (ஓடிப்போய்த் திரும்பி வந்த ஒருவரின் அக்கா)

என் தம்பி ஆறு ஆண்டுகள் கழித்து, ஓர் அருட்சகோதரியுடன் வந்தான். அதுவரை குடும்ப அட்டையிலிருந்து அவன் பெயரை நீக்க அம்மா சம்மதிக்கவே இல்லை. அவன் வந்த அன்று அம்மா அழவில்லை. உள்ளே போய் அந்த அட்டையை எடுத்து வந்து, அவன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். உங்கள் வீட்டிலும் உங்கள் பெயர் எங்கோ எழுதித்தான் இருக்கும், தம்பி. ஒன்று மட்டும் சொல்கிறேன்: உறவினர்கள், “சாமியார்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள்” என்று பேசுவார்கள். எங்கள் வீட்டிலும் பேசினார்கள். இல்லத்தார் எங்களைத் தேடியதற்கான கடிதங்களை அருட்சகோதரி கையோடு கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. குப்பத்துக்குச் சென்று தேடியதை நீங்களே உங்கள் வாயால் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பதில் 3 (இல்லத்தில் வளர்ந்த இன்னொருவர்)

எனக்கு நல்லபடியாக அமையவில்லை. நான் சென்றபோது அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அண்ணன்மார் திண்ணையில்கூட உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் சென்றதற்கு வருந்தவில்லை. அம்மா இப்போது பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஞாயிறுதோறும் என்னோடு பேசுகிறார். திரும்பி வருவதற்கு ஓர் இடத்தை வைத்துக்கொண்டு செல்லுங்கள். எனக்கு அன்று இரவு இல்லத்தில் சோறு எடுத்து வைத்திருந்தார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இல்லத்தில் பேசிவிட்டேன், அடுத்த வாரம் ஓர் அண்ணன் ஊருக்குச் சென்று விசாரித்து வருகிறார். அருட்சகோதரரிடம் இன்னும் ஒரு கேள்வி. எங்கள் அம்மா வெளியே சென்று வருபவர்களுக்கெல்லாம் திருநீறு பூசுவார். எனக்கும் பூச வந்தால் என்ன செய்வது?

பதில் (அருட்சகோதரர்)

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நெற்றியைக் காட்டுவேன். ஒரு தாய் தன் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டதைத் தட்டிவிட எனக்கு மனம் வராது. வேறு விதமாகச் சொல்லும் கிறிஸ்தவக் குருக்களும் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் தேவாலயத்தின் பங்குத்தந்தையிடம் இப்போதே பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டுச் செல்லுங்கள். அம்மா கையை நீட்டிய பிறகு யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.