சென்னையில் எல்சிஎல் (பல பேர் சரக்கு ஒரே கன்டெய்னர்ல வர்றது) சரக்கு நிக்குது, டிஓ (சரக்கை விடச் சொல்ற டெலிவரி ஆர்டர்) தர மாட்டேங்கறாங்க (அவசரம்)

பனியன்காரன்:
சைனால இருந்து மெஷின் ஸ்பேர் வந்து இறங்கிருச்சுங்க. பிஎல் (கப்பல்ல சரக்கு ஏத்துனதுக்கான பத்திரம்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் கைல இருக்கு. கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டா உங்க பேர்ல ஒண்ணுமே இல்லைங்கறாங்க. பிஎல்ல இருக்கற இன்னொரு ஏஜென்ட் டிஓ தர மாட்டேங்கறார். சிஎச்ஏ (நம்ம கஸ்டம்ஸ் ஏஜென்ட்) போனே எடுக்கல. சிஎஃப்எஸ்ல (சரக்கு வெச்சிருக்கற கிடங்கு) வாடகை ஏறிட்டே இருக்குங்க. யாராச்சும் வழி சொல்லுங்க.

ராயபுரத்தான்:
எங்க ஏத்துனது? எஃப்ஓபியா (கப்பல் வாடகை நம்ம செலவு) சிஐஎஃப்பா (கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சப்ளையர் செலவு)? பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸ்ல போடற இறக்குமதி மனு) போட்டாச்சா? கைல இருக்கறது ஹவுஸ் பிஎல்லா (சரக்கைச் சேர்த்து அனுப்பற ஏஜென்ட் தர்றது), மாஸ்டரா (கப்பல் கம்பெனி தர்றது)?

கோவை பம்ப்செட்:
ஐஜிஎம்ல (கஸ்டம்ஸுக்குத் தர்ற கப்பல் சரக்குப் பட்டியல்) பேர் தப்பா ஏறிருக்கும், பந்தயமே கட்டறேன். எனக்கு "டிரேடர்ஸ்" போயி "டிரேடிங்"னு ஏறி, அமெண்ட்மெண்ட் (திருத்தம்) போட்டுத்தான் எடுத்தோம். ஐஸ்கேட்ல (கஸ்டம்ஸ் வெப்சைட்) ஐஜிஎம் நம்பரைத் தட்டிப் பாருங்க. லைன் நம்பருக்கு (மாஸ்டர் பிஎல்லோடது) அடியில சப்லைன் (ஹவுஸ் பிஎல்லோடது) வரும், எல்சிஎல்லுக்கு அதுதான் முக்கியம்.

சரக்கு ஆசான்:
நீச்சல் தெரியாம கடல்ல குதிச்சா இப்படித்தான் தம்பி. எல்சிஎல்ல கப்பல் கம்பெனி மாஸ்டர் பிஎல் போடறது கன்சாலிடேட்டர் (சரக்கையெல்லாம் சேர்த்து அனுப்பறவர்) பேருக்கு. பத்து பேர் சரக்கு ஒரே கன்டெய்னர்ல வருது, உங்களை அவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு டிஓ தர வேண்டியவர் அந்த "இன்னொரு ஏஜென்ட்"தான். இதையெல்லாம் நூறு தடவை எழுதியாச்சு, யாரும் படிக்கறதில்லை.

பனியன்காரன்:
நிங்போல இருந்து சென்னைங்க. சிஐஎஃப், ரெண்டு சிபிஎம் (கன மீட்டர்) தான். பில் ஆஃப் என்ட்ரி போடலீங்க, ஒரிஜினல் வந்தாத்தான் போட முடியும்னு சிஎச்ஏ ஆபீஸ் பையன் சொன்னான். பிஎல் வாட்ஸப்ல பிடிஎஃப்பா வந்தது.

ராயபுரத்தான்:
அப்ப உங்க கைல பிஎல் இல்லைங்க, பிஎல்லோட படம்தான் இருக்கு. அதுல ஒரிஜினல் எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்கும். மூணுன்னு போட்டு, மேல "சரண்டர்டு"ன்னோ "டெலக்ஸ் ரிலீஸ்"னோ (ஒரிஜினலை ஒப்படைச்சாச்சுன்னு அர்த்தம்) சீல் இல்லேன்னா, ஒரிஜினல் இன்னும் சப்ளையர்கிட்டதான். அவர் அதை நிங்போலயே ஒப்படைச்சா, அங்கிருந்து இங்க ஏஜென்ட்டுக்கு மெசேஜ் வரும். கூரியருக்குக் காத்திருக்க வேண்டியதில்ல.

பில் ஆஃப் என்ட்ரியை இன்னைக்கே போடச் சொல்லுங்க. காப்பியை வெச்சே போடலாம். 2021ல சட்டம் மாறுனதுல இருந்து, கப்பல் வர்றதுக்கு முந்தின நாளுக்குள்ள போட்டிருக்கணும். லேட்டானா முதல் மூணு நாளைக்கு தினம் 5,000, அப்புறம் தினம் 10,000. சிஎஃப்எஸ் வாடகையை விட இதுதான் கடிக்கும்.

முத்துநகர்:
அண்ணாச்சி, சப்ளையருக்குப் பாக்கி ஏதும் உண்டா? 30 சதவீதம் அட்வான்ஸ், மிச்சம் 70 பிஎல் காப்பியைப் பார்த்த பொறவுங்கதுதான் அவங்க வழக்கம். துட்டு போகாம விட மாட்டாங்க.

கோவை பம்ப்செட்:
சிஐஎஃப்ல வாங்குனதுதான் வினை. அங்க ஃப்ரைட் (கப்பல் வாடகை) சும்மா மாதிரி காட்டிட்டு, இங்க டிஓ சார்ஜ், டீஸ்டஃபிங் (கன்டெய்னர்ல இருந்து இறக்கற கூலி), டிஎச்சி (துறைமுகத்துல கையாள்ற கூலி)ன்னு கறந்துருவாங்க. எஃப்ஓபில வாங்கி நம்ம ஃபார்வர்டரை (சரக்கு அனுப்பி வைக்கற ஏஜென்ட்) வெச்சா இந்தத் தொல்லையே இல்ல.

சரக்கு ஆசான்:
எஃப்ஓபில ஃப்ரைட் தொகையைக் காட்ட முடியலைன்னா மதிப்புல 20%, இன்சூரன்ஸுக்கு 1.125% சேர்த்து டூட்டி போடுவான். அது தெரியுமா?

கோவை பம்ப்செட்:
ஃபார்வர்டர் பில் இருக்கறப்ப எதுக்கு சார் 20%? கட்டுன ஃப்ரைட்டைத்தான் எடுப்பாங்க.

சரக்கு ஆசான்:
ரெண்டு சிபிஎம்முக்கு எந்த ஃபார்வர்டர் வந்து வரிசைல நிப்பான்?

கோவை பம்ப்செட்:
எனக்கு ஒன்றரை சிபிஎம்முக்கே வர்றாங்களே!

ராயபுரத்தான்:
உங்க பஞ்சாயத்தை தனியா வெச்சுக்கங்கப்பா. பனியன்காரரே, அந்தக் கட்டத்துல என்ன இருக்கு?

பனியன்காரன்:
பாக்கி அனுப்பியாச்சுங்க. டெலக்ஸ் ரிலீஸ் வந்துருச்சு, டிஓ கிடைச்சுது. எல்லாருக்கும் நன்றிங்க.

முத்துநகர்:
நெனச்சேன்.

கோவை பம்ப்செட்:
டெஸ்டினேஷன் சார்ஜ் மொத்தம் எவ்ளோ போட்டாங்க? அந்த பில்லை இங்க போடுங்க, ஆசானுக்குக் காட்டணும்.