திருநீற்றுப் புதன் (தவக்காலத்தின் முதல் நாள்), எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு

சித்தப்பா (கோத்தகிரி), 6:12
எல்லோருக்கும் அறிவிப்பு. இன்று முதல் 40 நாள் வாட்ஸ்அப், ரீல்ஸ், ஐபிஎல் எல்லாம் விடுகிறேன். ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டேன் 🙏

அண்ணன் (கோவை), 6:14
ஐபிஎல் மார்ச் கடைசியில்தானே, சித்தப்பா? இல்லாததை விடுவது சுலபம் 😄
அப்புறம், இன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 வருகிறதே.

அம்மா (குன்னூர்), 6:16
ஞாயிறு ஆறும் கழியும். அது இயேசுவின் உயிர்ப்பு நாள், நோன்புக் கணக்கில் சேராது.

அண்ணன், 6:16
அப்போ ஞாயிறு மேட்ச் பார்க்கலாம்!

சித்தப்பா, 6:17
அதெல்லாம் இல்லை.

அண்ணன், 6:17
வாட்ஸ்அப்பை விட்டுவிட்டதாகச் சொன்னீர்களே?

சித்தப்பா, 6:18
ராத்திரி 12 மணியிலிருந்து.

அம்மா, 6:25
சித்தப்பாவைப் பார்த்துச் சிரிக்காதே, என் கதையும் அதுதான். நேற்று செவ்வாய், ஜெபமாலையில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துக்க தேவ இரகசியம். மூன்றாவதில், முள்முடி சூட்டுகிற இடத்தில், போன் டிங் என்றது. தேயிலை ரேட்டாக இருக்குமோ என்று எடுத்தேன். சேலை விளம்பரம். விரல் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் இடது கையில் ஜெபமாலை தொங்குகிறது, எந்த மணியில் விட்டேன் என்று தெரியவில்லை. இருபத்தேழோ இருபத்தெட்டோ. பக்கத்தில் இருந்த மகளும் வாயைத் திறக்கவில்லை.

நான், 6:26
நானும் போனில்தான் இருந்தேன் அம்மா.

அம்மா, 6:27
இனி ஏழரை முதல் எட்டரை வரை இந்த வீட்டுப் போன்கள் முறுக்கு டப்பாவுக்குள்.

சித்தப்பா, 6:28
கரடி வந்தால், அண்ணி? ஊர்க் குழுவில்தானே சொல்வார்கள்.

அம்மா, 6:29
என் வீட்டுக்காரரின் பட்டன் போன் வெளியே இருக்கும். அவசரம் என்றால் கூப்பிடட்டும்.

அத்தை (காந்தல்), 6:38
எங்கள் அம்மா, உங்கள் பாட்டி, சொல்வதை அப்படியே டைப் செய்கிறேன்: "சின்னவனே, காலையில் குருசடிப் பூசைக்குப் போனேன். போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பல், நெற்றியில் இன்னும் இருக்கிறது. நீயும் பூசியிருப்பாய். பூசுவதற்கு முன்னால் என்ன வாசித்தார்கள்?"

சித்தப்பா, 6:40
மத்தேயு நற்செய்தி 6.

அத்தை, 6:40
"அதில் என்ன இருக்கிறது?"

சித்தப்பா, 6:43
வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது. நோன்பு இருந்தால் அது பிறருக்குத் தெரியாதபடி தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொள்ள வேண்டும்.

அத்தை, 6:44
"உன் ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள்?"

சித்தப்பா, 6:45
63.

சித்தப்பா, 6:46
முதல் செய்தியையும் ஸ்டேட்டஸையும் அழித்துவிட்டேன் அம்மா.

அண்ணன், 6:47
நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேனே! சரி, சிரித்தது போதும். நானும் ஓடிடி சந்தாவை நிறுத்தி, அந்தக் காசைத் தவக்கால உண்டியலில் போடுகிறேன்.

சித்தப்பா, 6:47
இப்போது நீ சொல்லிவிட்டாயே.

அண்ணன், 6:48
😶

அம்மா, 7:29
டப்பாவை மூடுகிறேன். இலை ரேட்டு வந்தால் யாரும் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். மணியடித்தால் ஓடிப்போய் எடுத்துவிடுவேன்.