நாட்டுக்கே ஒரு கருவி இருந்து, அதுவும் நின்றுபோனால்: கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றி ஒரு கேள்வி

மலர்விழி (கேள்வி):
உகாண்டாவில், கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் 1995 முதல் இயங்கிய, கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்ட கருவி 2016இல் சீர்செய்ய இயலாதபடி பழுதடைந்தது. நாடு முழுவதற்கும் இருந்த கதிர்வீச்சுக் கருவி அது ஒன்றுதான். மாற்றுக் கருவி 2018 சனவரியில்தான் திறக்கப்பட்டது. அந்நாட்டுப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் கருப்பைவாய்ப் புற்றுநோயே என்பதை நினைத்தால், இடைப்பட்ட காலத்தின் கொடுமை புரிகிறது. கோபால்ட் கருவி, மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லினாக் கருவியைவிட மலிவு. மின்சாரத் தேவையும் குறைவு. அவ்வாறிருக்க, வசதியற்ற நாடுகளுக்கு இத்தகைய கருவிகளை வாங்கிக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

கதிரியற்பியலர்:
பாதிதான் தீரும். முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவது முதற்கட்டம் மட்டுமே: வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், மொத்தம் 45 முதல் 50 கிரே (உடல் ஏற்கும் கதிரின் அலகு), உடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து. ஆனால் கட்டியை அழிக்க 80 கிரேக்கு மேல் வேண்டும். அவ்வளவையும் வெளியிலிருந்தே செலுத்தினால் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் தாங்கா. ஆகவே கருப்பைக்குள் மெல்லிய உலோகக் குழாயைச் செலுத்தி, சுற்றிலும் துணித் திரியை அடைத்து அவ்விரு உறுப்புகளையும் சற்றே விலக்கி வைத்து, அரிசியளவே உள்ள கதிரியக்க மூலத்தைச் சில நிமிடம் உள்ளே அனுப்பி எடுக்கிறோம். இதுவே உட்கதிர்ச் சிகிச்சை. தூரம் இரட்டித்தால் கதிரின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதால், கட்டி வேகிறது, அண்டை உறுப்புகள் பிழைக்கின்றன. பெரிய கருவி வந்து இறங்கும்போது எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூலத்தை உள்ளே அனுப்பும் இந்தச் சிறிய பெட்டி படத்தில் எடுபடாததாலோ என்னவோ, திட்டங்களில் பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது.

அதற்கான மூலமும் எளிதில் கிடைத்துவிடாது. மூலமாகப் பயன்படும் இரிடியம்-192இன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், 74 நாள். சுங்கத்தில் ஒரு மாதம் முடங்கினால் கால் பங்கு வீரியம் அங்கேயே போய்விடும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக வாங்கவும் வேண்டும். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு என்பதால், தொலைவிலுள்ள நாடுகளுக்கு உட்கதிருக்கும் அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

செவிலியர் பார்வதி:
ஐயா சொன்னவற்றோடு வார்டில் நான் கண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் முடியும்போது பலருக்கு உதிரப்போக்கு நின்று, வலியும் தணிந்துவிடும். "சரியாகிவிட்டதம்மா, ஊரில் நடவு கிடக்கிறது" என்று புறப்பட்டுவிடுவார்கள். உட்கதிர் உட்பட அனைத்தும் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். இடையில் விட்டால் எஞ்சிய செல்கள் மீண்டும் பெருகிவிடும். உகாண்டாவின் வடமேற்கிலுள்ள அருவாவிலிருந்து கம்பாலாவுக்கு ஏறத்தாழ 500 கி.மீ. என்னும்போது, அத்தனை வாரம் தங்க இடமும் உண்ணச் சோறும் இல்லாத பெண்ணுக்கு, சிகிச்சை இலவசமாக இருந்தாலும் எட்டாது. கருவிக்கான செலவுக் கணக்கில் தங்கும் விடுதியையும் எழுதியாக வேண்டும்.

மலர்விழி:
இருவருக்கும் நன்றி. இவ்வளவு சிக்கல் என்றால், பணம் முழுவதையும் தடுப்பூசிக்கே ஒதுக்குவது நல்லதன்றோ?

கதிரியற்பியலர்:
இன்று ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிக்கு அதன் பலன் பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியும். அவளுடைய தாய்க்கோ நோய் இப்போதே இருக்கலாம். உலகில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 6,60,000 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்தனர். உலகச் சுகாதார நிறுவனம் 2030க்கென 90-70-90 விழுக்காடு என்று வகுத்த இலக்கில், முதல் எண் சிறுமியருக்கான தடுப்பூசி, இரண்டாவது பரிசோதனை, மூன்றாவது நோய் கண்டவர்களுக்கான சிகிச்சை. பரிசோதனையைப் பெருக்கிவிட்டுச் சிகிச்சைக்கு வழி செய்யாவிட்டால், நோயின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பியவர்களாவோம். பன்னாட்டு அணுசக்தி முகமை 2022இல் "நம்பிக்கைக் கதிர்கள்" திட்டத்தைத் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கதிர்வீச்சுக் கருவிகூட இல்லை. கம்பாலாவில் இப்போது லினாக்குகளும் வந்துவிட்டன. அவற்றை நாள்தோறும் அளந்து சரிபார்க்கும் இயற்பியலர்களுக்கு ஊரிலேயே வேலையும் ஊதியமும் நிலைக்கின்றனவா என்பதைத்தான் நான் அடுத்து விசாரிப்பேன்.